முடிந்துபோன பரீட்சை கனவில் மட்டும் ஏன் முடிவதில்லை?

கடைசி மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம்தான். மேசையில் ஏழெட்டுக் கூடுதல் தாள்கள் கிடக்கின்றன. அவற்றை முதல் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டவேண்டும். கையில் வெள்ளை நூல் இருக்கிறது. துளையில் நுழையவில்லை. நுனியை எச்சில் தொட்டு முறுக்குகிறேன். முறுக்க முறுக்கப் பிரிபிரியாகப் போகிறது. பக்கத்து வரிசையில் தாள்களை வாங்கிக்கொண்டே அறைக் கண்காணிப்பாளர் வருகிறார். அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. அப்போதுதான் கவனிக்கிறேன், கட்டவேண்டிய தாள்கள் எல்லாமே வெறுந்தாள்கள்.

இந்த இடத்தில் விழித்துக்கொள்வேன்.

அந்தப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சையை நான் 1996 மார்ச்சில் எழுதினேன். 200க்கு 171 மார்க். நூலையும் சரியாகத்தான் கட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எல்லாம் ஆயிற்று. ஆனாலும் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை அந்த ஹாலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஏதோ குறை இருக்கிறது, குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வா என்பார்கள் பெரியவர்கள். ஆழ்மனம் உனக்கு ஏதோ ரகசியம் சொல்கிறது, இந்த வீடியோவைப் பார் என்பார்கள் நண்பர்கள். இரண்டு பேரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேருமே கனவை ஒரு கடிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். யாரோ எழுதி அனுப்பியது, பிரித்துப் படித்தால் அர்த்தம் உள்ளே இருக்கும் என்று. தூக்கத்தில் மூளை என்ன வேலை பார்க்கிறது என்பது கொஞ்சம் தெரிந்துவிட்டால், கேட்கவேண்டிய கேள்வியே வேறு என்பது புரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எதை மீள்கனவு என்கிறோம்?

ஒரே கனவோ ஏறக்குறைய ஒரே மாதிரியான கனவோ, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ விட்டுவிட்டு வந்தால் அதை மீள்கனவு என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இது நோய் இல்லை, அபூர்வமும் இல்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது மீள்கனவு வந்ததாகச் சொல்பவர்கள் பெரியவர்களில் பாதிக்கு மேல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரோ துரத்துகிறார்கள். உயரத்திலிருந்து விழுகிறோம். பஸ்ஸோ ரயிலோ தவறிவிடுகிறது. பல் கொட்டுகிறது. வீட்டில் இதுவரை பார்க்காத ஓர் அறை திறக்கிறது. அப்புறம், பரீட்சை. சிறு பிள்ளைகளுக்கு மிருகமும் பூதமும் துரத்தும். வளர வளர மனிதர்கள் துரத்த ஆரம்பிக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். விழிப்பு வந்த மாதிரி இருக்கும், கண் தெரியும், ஆனால் கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். இது மீள்கனவு வகையைச் சேர்ந்தது இல்லை. இதற்குப் பெயர் தூக்க முடக்கம். ஏன் வருகிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

நாடகக் கொட்டகையின் நாலு திரைகள்

திருவிழாவில் நாடகம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாடகக் குழுவிடம் வர்ணம் தீட்டிய திரைகள் நாலைந்துதான் இருக்கும். ஒன்று தர்பார், ஒன்று காடு, ஒன்று தெரு. இன்றைக்கு வள்ளி திருமணம் என்றாலும் நாளைக்கு அரிச்சந்திரா என்றாலும் காட்டுக் காட்சி வந்தால் அதே காட்டுத் திரைதான் இறங்கும். கதைக்குக் கதை புதுத் திரை எழுத யாரிடம் நேரம் இருக்கிறது? பார்ப்பவர்களும் திரையைப் பார்த்ததும் சரி, காடு என்று புரிந்துகொண்டு கதைக்குள் போய்விடுவார்கள்.

மனதுக்கும் இப்படிச் சில திரைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னைச் சோதிக்கப்போகிறார்கள், நான் தயாராக இல்லை" என்ற உணர்ச்சியை முதன்முதலில் முழு வீச்சில் எங்கே அனுபவித்தேனோ, அந்த இடம் அந்த உணர்ச்சிக்கான திரையாகிவிட்டது. எனக்கு அது பரீட்சை ஹால். என் நண்பர் ஒருவர் நாதஸ்வரக் கலைஞர். அவருக்கு மேடையில் உட்கார்ந்ததும் சீவாளி காணாமல் போகும். ஓட்டுநர் ஒருவருக்கு பிரேக் பிடிக்காது. உணர்ச்சி ஒன்று, திரைதான் வேறு வேறு.

ஆக, மீள்கனவில் திரும்பி வருவது பழைய சம்பவம் இல்லை. இன்றைய உணர்ச்சி ஒன்று பழைய திரைக்கு முன்னால் வந்து நிற்கிறது. இப்போதைக்கு இதை ஓர் உவமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அடுத்துப் பார்க்கலாம்.

கடையடைத்த பிறகு நடக்கும் வேலை

என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கடை மூடியாகிவிட்டது. உள்ளே விளக்கு எரியும். அன்றைய சிட்டைகளைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். வேண்டாத துண்டுச்சீட்டுகளைக் கிழித்துப்போடுவார். கணக்கு இடித்தால் அதை மட்டும் ஒரு சிட்டையில் குறித்துக் கல்லாவுக்கு அடியில் செருகிவைப்பார். அடுத்த நாள் இரவு அந்தச் சிட்டை மறுபடியும் வெளியே வரும்.

தூங்கும் மூளையும் ஷட்டரைப் பாதி இறக்கிய கடைதான். இது 1953 வரை சரியாகத் தெரியாமல் இருந்தது. அந்த வருடம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூங்குகிறவர்களின் கண்ணோரத்தில் மின்முனைகளை ஒட்டி இரவு முழுக்கப் பதிவு செய்தபோது, அவ்வப்போது இமைக்குள் கண்விழிகள் வேகவேகமாக அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. அசெரின்ஸ்கி இந்தக் கருவியைத் தன் எட்டு வயது மகனிடமும் வைத்துப் பார்த்தார். விழிகள் ஓடும் அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் ஒரு கனவைச் சொன்னார்கள்.

அந்தக் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர் வந்தது. விழிகள் வேகமாக அசையும் தூக்கம், அவ்வளவுதான் அர்த்தம். மற்ற கட்டங்களிலும் கனவு வருவதுண்டு. ஆனால் கதைபோல நீளமாக, வண்ணமாக, உணர்ச்சியோடு வருபவை பெரும்பாலும் ரெம் தூக்கத்தில்தான்.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் அது, விடியும் நேரத்தில் அரைமணி நேரம்கூட நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஏன் சொன்னார்கள் என்று இப்போது ஊகிக்கலாம். அந்த நேரத்தில்தான் கனவு நீளமாக வருகிறது, தெளிவாக இருக்கிறது, உடனே விழிப்பும் வந்துவிடுவதால் நினைவில் நிற்கிறது. நம் முன்னோர் கவனித்தது சரிதான். அதற்குச் சொன்ன காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும்.

ரெம் தூக்கத்தில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. மீள்கனவைப் புரிந்துகொள்ள இந்த மூன்றும் போதும்.

ஒன்று, உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுப் போகின்றன. மூச்சும் கண்ணும் மட்டும் விதிவிலக்கு. கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இது நம்மைக் காப்பாற்றுகிறது. சில சமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், இந்தத் தளர்ச்சி விலகச் சில நொடிகள் தாமதமாகும். அந்த இடைவெளிதான் அமுக்குவான் பேய்.

இரண்டு, மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. பயம் போன்ற வலுவான உணர்ச்சிகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ரெம் தூக்கத்தில் அது நன்றாக விழித்திருக்கிறது.

மூன்று, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, "இது எப்படி நடக்கும்?" என்று கேள்வி கேட்கும் பகுதி அந்த நேரத்தில் மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் நாற்பது வயதில் பிளஸ் டூ ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

பயம் விழித்திருக்கிறது, சந்தேகம் தூங்குகிறது, உடம்பு அசையவில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சரி, அதே கனவு எதற்கு?

அன்றைய அனுபவங்கள் தூக்கத்தில் மறுபடி புரட்டப்படுகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு வீடியோ விளையாட்டு. 2000ல் ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவும் சிலரை டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். மேலிருந்து கட்டைகள் விழும், அவற்றைத் திருப்பி அடுக்கவேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் அவர்களில் பலருக்குக் கட்டைகள் விழும் காட்சி வந்தது. அந்தக் குழுவில் மூளைப் பாதிப்பால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாதவர்களும் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அவர்களில் சிலருக்கும் கட்டைகள் விழுந்தன. எதை எடுத்துப் புரட்டுவது என்று மூளை நம்மிடம் அனுமதி கேட்பதில்லை.

புரட்டும்போது எதற்கு முன்னுரிமை? கணக்கு இடித்த சிட்டைக்குத்தான். கவலை, பயம், அவமானம், முடிவு தெரியாத காரியம், இவையெல்லாம் மேலே வந்து நிற்கும். நெட்டா வைன்ஸ்டைன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2018ல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. நம் வாழ்க்கையை நாமே நடத்துகிறோம், நமக்குத் திறமை இருக்கிறது, நமக்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளும் மனிதனுக்கு அடிப்படைத் தேவை என்பது அவர்களுடைய தொடக்கப் புள்ளி. பகலில் இவை அடிபட்டவர்களுக்கு விழுவது, தோற்பது, தாக்கப்படுவது போன்ற கனவுகள் திரும்பத் திரும்ப வருவது அதிகமாக இருந்தது.

இன்னொரு காரணம், நாம் மூடி வைப்பது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987ல் ஒரு எளிய சோதனை செய்தார். வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக்கூடாது, நினைத்தால் மணியை அடிக்கவேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 2004ல் அவரும் மற்றவர்களும் இதைத் தூக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். தூங்கப்போகுமுன் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி நினைக்காமல் இருக்கச் சொன்னபோது, அந்த நபர் கனவில் கூடுதலாக வந்தார். "அதைப் பற்றிப் பேசாதே, படுத்துத் தூங்கு" என்று வீட்டில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லும் ஆறுதலை நினைத்துப்பாருங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கனவு நினைவில் நிற்கவேண்டும் என்றால் அதன் நடுவிலோ அது முடிந்த கையோடோ நாம் விழிக்கவேண்டும். இனிமையான கனவு நம்மை எழுப்பாது. பயங்கரமான கனவு தூக்கிவாரிப் போட்டு எழுப்பும். அதனால் நினைவில் சேர்வதெல்லாம் பயங்கரம், அதுவும் பாதியில் நின்ற பயங்கரம். என் நூல் ஒருநாளும் துளைக்குள் நுழையாததற்குக் காரணம், அதற்குள் நான் விழித்துவிடுவதுதான். கதை முடிவதற்குள் விழிப்பதால் அது முடியாத கதையாகவே திரும்பச் செருகப்படுகிறது.

ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி ரெவன்சுவோ 2000ல் ஒரு கருத்தை முன்வைத்தார். காட்டில் வாழ்ந்த மனிதனுக்கு ஆபத்தை ஒத்திகை பார்க்கும் இடமாகக் கனவு பயன்பட்டது, துரத்தும் கனவுகள் அதன் மிச்சம் என்றார். எல்லாக் கனவுக்கும் இது பொருந்தாது. ஆனால் அடுத்து வருவதைப் படிக்கும்போது ஒத்திகை என்ற சொல் உதவும்.

பாஸானவர்களுக்கே பரீட்சைக் கனவு

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் சொன்ன பலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. கனவில் வரும் ஒவ்வொரு பொருளும் மறைத்துவைத்த ஆசையின் மாறுவேடம் என்ற அவருடைய பார்வை எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் பரீட்சைக் கனவைப் பற்றி அவர் கவனித்த ஒரு விஷயம் என்னை விடவில்லை. மருத்துவப் படிப்பின் கடைசித் தேர்வில் சட்ட மருத்துவம் என்ற பாடத்தில் அவர் ஃபெயிலாகியிருந்தார். அந்தப் பாடம் அவர் கனவில் வந்ததே இல்லை. அவர் தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் கனவில் பரீட்சை வைத்தன. நாளைக்கு ஏதோ பொறுப்பு இருக்கிறது, தோற்றுவிடுவோமோ என்று பயம் வருகிறது. அப்போது மனம் பழைய ஒரு பயத்தை எடுத்துக் காட்டுகிறது. அன்றும் இப்படித்தான் பயந்தாய், ஆனால் தேறினாயே என்று. இது அவர் தந்த விளக்கம்.

இதில் ஆறுதல் பகுதியை நிரூபிப்பது கடினம். ஆனால் பரீட்சைக் கனவு தோல்வியின் அறிகுறி இல்லை என்பதற்கு நல்ல சான்று பாரிஸிலிருந்து வந்தது. இசபெல் ஆர்னுல்ஃபும் சக ஆய்வாளர்களும் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய 719 மாணவர்களிடம் கேட்டு 2014ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முந்தைய இரவு அந்தத் தேர்வைக் கனவில் கண்டவர்கள் 60 சதவீதம் பேர். அந்தக் கனவுகளில் 78 சதவீதம் கோளாறான கனவுகள்: தாமதமாகப் போவது, பதில் மறந்துபோவது. சரி, கனவு கண்டவர்கள் என்ன ஆனார்கள்? தேர்வைக் கனவில் கண்டவர்கள் காணாதவர்களைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

கனவு வந்ததால் மார்க் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தத் தேர்வை மனதில் ஆழமாக ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கனவும் வந்தது, மார்க்கும் வந்தது என்றும் இருக்கலாம். எப்படியிருந்தாலும், பரீட்சைக்கு முந்தைய இரவு கெட்ட கனவு கண்டு அழுதுகொண்டே எழும் பிள்ளையிடம் தைரியமாக இதைச் சொல்லலாம். வீட்டில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

கனவுப் பலன் பட்டியலை என்ன செய்வது?

பஞ்சாங்கத்திலும் நாட்காட்டியிலும் கனவுப் பலன்கள் அச்சிட்டிருக்கும். பாம்பு துரத்தினால் இது, பல் விழுந்தால் இது, பிணத்தைக் கண்டால் இது என்று. இதில் எனக்கு வருத்தம் தருவது பல் விழும் கனவுதான். வீட்டில் யாருக்கோ சாவு என்று பலன் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கனவு கண்ட மனிதர் காலையில் எழுந்து ஊரில் இருக்கும் வயதான அம்மாவுக்கு நடுங்கும் கையோடு போன் போடுகிறார்.

இஸ்ரேலில் இரண்டு ஆய்வாளர்கள் 2018ல் பல் கனவுகளை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். அந்தக் கனவு மனக்கலக்கத்தோடு சேர்ந்து வரவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கிற இறுக்கத்தோடு சேர்ந்து வந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களின் வாயிலிருந்து வந்த செய்தியை மூளை ஒரு காட்சியாக மாற்றியிருக்கலாம். அப்படியானால் போகவேண்டியது பல் டாக்டரிடம்.

பட்டியலின் அடிப்படைக் குறை இது: ஒரு பொருளுக்கு எல்லோருக்கும் ஒரே அர்த்தம் என்கிறது. வயலில் தினமும் சாரைப்பாம்பைப் பார்க்கிறவருக்கும், அடுக்குமாடி வீட்டில் பாம்பைப் படத்தில் மட்டுமே பார்த்தவருக்கும், புற்றுக்குப் பால் ஊற்றி வேண்டிக்கொண்டவருக்கும் கனவுப் பாம்பு ஒன்றாக இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான கனவுகளைத் திரட்டி ஆராய்ந்த கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் வழியாக வலுப்பெற்ற ஒரு கருத்து உண்டு. தொடர்ச்சிக் கொள்கை என்று அதைச் சொல்லலாம்: பகலில் நம் மனதை எது பிடித்துவைத்திருக்கிறதோ அதன் தொடர்ச்சிதான் கனவு. அதனால் உங்கள் கனவுக்கான அகராதி உங்கள் பகலில் இருக்கிறது.

சென்னிமலைத் தேர்

என் பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவருக்கும் ஒரு மீள்கனவு உண்டு. சென்னிமலைத் தைப்பூசத் தேர். கூட்டம். கையைப் பிடித்திருந்த பையனின் விரல் ஒவ்வொன்றாக நழுவுகிறது. அவர் கூப்பிடுகிறார், தவில் சத்தத்தில் குரல் கேட்கவில்லை.

இது நடந்த கதைதான். அந்தப் பையன் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன். அப்போது நாலு வயது. ஒரு மணி நேரம் காணாமல் போய்விட்டான். பொரிக்கடைக்காரர் அவனை மூட்டைமேல் உட்காரவைத்து, கையில் பொரியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டான். இன்றைக்கு அவனுக்குத் துபாயில் வேலை.

"கனவு எப்பெப்போ வருது பெரியம்மா?" என்று கேட்டேன்.

"அதென்ன கணக்கா கண்ணு, வர்றப்ப வருது."

கேலண்டரில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். கனவு வந்த நாளில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அஞ்சாறு மாதத்தில் ஏழு புள்ளிகள் விழுந்தன. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து புள்ளிகள், ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வராத வாரங்களில் இருந்தன. மீதி இரண்டில் ஒன்று பேத்திக்குக் காய்ச்சல் வந்த வாரம். மற்றொன்றுக்குக் காரணம் தெரியவில்லை. பெரியம்மா கேலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது தேரில்ல" என்றார்.

நானும் புள்ளி வைத்துப் பார்த்தேன். கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பதால் மார்ச் மாதப் புள்ளிகளுக்கு ஆச்சரியப்படவில்லை. ஆனால் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இருந்த வாரத்திலும் ஒரு புள்ளி இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். எழுந்ததும் கதையை எழுதுவதற்கு முன்னால், என்ன உணர்ச்சி என்று ஒரு சொல் எழுதுங்கள். பயமா, வெட்கமா, தாமதமா, இழப்பா, தனிமையா? அப்புறம் முந்தைய இரண்டு மூன்று நாட்களில் அதே உணர்ச்சி எங்கே வந்தது என்று யோசியுங்கள். பாம்பு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் புத்தகத்தில் இருப்பதாகத் தோன்றும். இந்தப் பயத்தைக் கடைசியாகப் பகலில் எப்போது பட்டேன் என்று கேட்டால் பதில் உங்களிடமே இருக்கும். ஒரு கனவை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம். ஏழெட்டுப் புள்ளிகள் சேரட்டும்.

1986ல் கனடாவில் செய்த ஓர் ஆய்வு, மீள்கனவு இப்போதும் வந்துகொண்டிருப்பவர்களையும் ஒருகாலத்தில் வந்து நின்றுபோனவர்களையும் ஒப்பிட்டது. நின்றுபோனவர்களின் மனநலம் மேலாக இருந்தது. கணக்கு நேரானால் சிட்டை கல்லாவுக்கு அடியில் திரும்பப் போகவேண்டியதில்லை.

டாக்டரிடம் போகவேண்டியவை

மேலே சொன்னதெல்லாம் சாதாரண மீள்கனவுக்கு. சில வேறு வகை.

உயிருக்கே ஆபத்தான ஒன்றைக் கடந்து வந்தவர்களுக்கு, நடந்தது நடந்தபடியே கனவில் திரும்ப ஓடுவதுண்டு. 2004 ஆழிப்பேரலையில் தப்பியவர்கள், ஈழப்போரின் கடைசி மாதங்களைத் தாண்டி வந்தவர்கள், பெரிய விபத்தில் பிழைத்தவர்கள், வன்முறைக்கு ஆளானவர்கள் இப்படிக் காணலாம். திரையும் கதையும் வேறுவேறு என்ற என் நாடக உவமை இங்கே பொருந்தாது. இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயங்கவே கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், முதலில் பேசிப் பார்க்கலாம்.

கனவில் அடிப்பதை நிஜமாகவே அடிப்பது, கட்டிலிலிருந்து பாய்ந்து விழுவது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் காயம் ஆவது, இவையெல்லாம் அந்தத் தசைத் தளர்ச்சி சரியாக நடக்காததன் அறிகுறியாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால் நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டவேண்டும்.

புது மாத்திரை தொடங்கியபின் கெட்ட கனவுகள் அதிகமானால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால் போன்ற சில மருந்துகளுக்கும், மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றுக்கும் இந்த விளைவு உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கதையின் முடிவை மாற்றுவது

கெட்ட கனவுகளுக்கு மருந்தில்லாத ஒரு பயிற்சி இருக்கிறது. பெயர் காட்சி ஒத்திகை. பாலியல் வன்முறைக்கு ஆளாகி, கெட்ட கனவுகளால் அவதிப்பட்ட பெண்களிடம் அமெரிக்க மருத்துவர் பேரி கிராக்கோவும் அவருடைய குழுவும் இதைப் பயன்படுத்திப் பார்த்து, கனவுகள் குறைந்ததை 2001ல் பதிவு செய்தார்கள். அவ்வளவு கடுமையான கனவுகளுக்கு இதைப் பயிற்சி பெற்றவர் உதவியோடு செய்வதுதான் பாதுகாப்பு. பரீட்சை, பஸ் போன்ற கனவுகளுக்கு வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்.

செய்முறை இதுதான். பகலில், நன்றாக விழித்திருக்கும்போது கனவை எழுதுங்கள். அதில் எந்த இடத்தை மாற்ற விருப்பமோ மாற்றுங்கள். அது முடிவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நடக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. மாற்றிய கதையைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். பழைய கதையை ஓட்டவேண்டாம். பாதியில் நின்றுபோன கதைக்கு ஒரு மறுபாதியைப் பழக்கிக் கொடுக்கிறோம்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். கதை கட்டத் தெரியாது என்றார். "கட்ட வேண்டாம் பெரியம்மா, நடந்ததையே முடிச்சுப் பாருங்க. பொரிக்கடை வரைக்கும் நடந்து போங்க" என்றேன். மத்தியானம் சாப்பிட்டுத் திண்ணையில் உட்காரும்போது தினமும் செய்திருக்கிறார். மூட்டை, கையில் பொரி, சட்டையில் ஒட்டியிருந்த பொட்டுக்கடலை வரை நினைவுக்கு வந்ததாம்.

ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது காபி போட்டுக்கொண்டே அவராகச் சொன்னார். "நேத்து வந்துச்சு கண்ணு. தேரு வந்துச்சு, கை நழுவுச்சு, நான் பாட்டுக்கு நடந்து பொரிக்கடைக்கே போயிட்டேன். பையன் உக்காந்திருக்கான். ஆனா அந்தக் கடைக்காரரு மூஞ்சி மட்டும் எவ்வளவு பாத்தும் தெரியவே மாட்டேங்குது. ஒரு நன்றிகூடச் சொல்லலையே அவருக்கு அன்னைக்கு."